மா நர்சரித் தளத்துக்கு கீவேர்டு தேர்வு: பிளானர் காட்டும் எண்ணா, தேடல் முடிவுப் பக்கமா?

#1 சந்தூர்_ஒட்டு

வணக்கம். போச்சம்பள்ளி வட்டாரத்து மா நர்சரி ஒன்றுக்குத் தளம் தயாராகிறது. விற்பது மூன்று பொருள்: ஒட்டு மாங்கன்று, பருவத்தில் பெட்டி மாம்பழம், வருஷம் முழுக்கப் புளி. கன்று வாங்குவோர் சேலம், திருவண்ணாமலை, வேலூர்ப் பக்கத்து விவசாயிகள். பழம் பெரும்பாலும் பெங்களூருக்கும் சென்னைக்கும் போகிறது.

கீவேர்டு பிளானரில் (ஒரு கீவேர்டை, அதாவது தேடல் சொல்லை, மாதம் எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று காட்டும் கூகுள் விளம்பரக் கருவி) இடம் தமிழ்நாடு, மொழி தமிழ் என்று வைத்துப் பார்த்தால் "மாம்பழம்" ஒன்றுக்குத்தான் பெரிய எண் வருகிறது. "ஒட்டு மாங்கன்று", "மாங்கன்று விலை", "மாங்கன்று நர்சரி கிருஷ்ணகிரி" எல்லாம் 10 முதல் 100 வரை, இல்லையென்றால் வெறும் கோடு. காம்பெடிஷன் பத்தியில் எல்லாமே "குறைவு".

எண் பெரிதாக இருக்கும் "மாம்பழம்" பக்கம் போவதா, எண்ணே காட்டாத சொற்களை நம்பி எழுதுவதா? தமிழ் எழுத்தா, ஆங்கில எழுத்தா? ஊத்தங்கரை முதல் பென்னாகரம் வரை ஊருக்கு ஒரு பக்கம் போடலாமா? எழுதும் ஆள் ஒருவர்தான். வரும் பருவத்துக்குள் 20 பக்கத்துக்கு மேல் நடக்காது. வழிமுறையில் தப்பு இருந்தால் தயங்காமல் திருத்துங்க.

#2 தகடூர்_தேடல்

முதலில் அந்தக் காம்பெடிஷன் பத்தியை மறைத்துவிடுங்கள். ஒரு சொல்லுக்கு எத்தனை பேர் விளம்பரம் கொடுக்கப் போட்டியிடுகிறார்கள் என்பதைத்தான் அது சொல்கிறது. விளம்பரம் இல்லாத இயல்பான முடிவுகளில் மேலே வருவது எளிதா கடினமா என்பதற்கும் அதற்கும் தொடர்பே இல்லை. "மாம்பழம்" என்ற சொல்லுக்கு யாரும் விளம்பரப் பணம் கட்டுவதில்லை, அதனால் "குறைவு". ஆனால் அதில் முதல் பக்கத்துக்கு வர ஒரு நர்சரித் தளத்தால் முடியாது.

10–100, 100–1,000, 1,000–10,000 என்று தொகுப்பாக வருவது உங்கள் கூகுள் ஆட்ஸ் (விளம்பர) கணக்கில் செலவு இல்லாததால். 110 பேர் தேடும் சொல்லும் 900 பேர் தேடும் சொல்லும் ஒரே தொகுப்பில் கிடக்கும். ஆகவே இந்த எண்ணை வைத்து இரண்டு சிறிய சொற்களை ஒப்பிட வேண்டாம்.

மொழி "தமிழ்" என்று மட்டும் வைத்தது அடுத்த பிரச்சினை. கைபேசியை ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டு தமிழில் தேடுபவர்கள் நம் பக்கத்தில் ஏராளம். மொழியை "எல்லா மொழிகளும்" என்று மாற்றி இன்னொரு முறை எடுங்கள். இடத்தையும் தமிழ்நாடு, கர்நாடகம் என இரண்டு தனிப் பட்டியலாக எடுங்கள், பழத்துக்குப் பெங்களூர் வாடிக்கையாளர் உண்டு என்கிறீர்களே. புதிய சொல் கண்டுபிடிக்கும் பகுதியில் ஒரு தடவைக்கு 10 விதைச் சொல் (தேடலைத் தொடங்கக் கொடுக்கும் சொல்) வரை போடலாம். கன்று, பழம், புளி மூன்றையும் ஒன்றாகக் கலந்து போடாதீர்கள், பரிந்துரைகள் குழம்பிவிடும்.

சராசரி விஷயத்தையும் கவனியுங்கள். பிளானர் காட்டுவது 12 மாதச் சராசரி. ஒரு சொல்லை மே, ஜூனில் மாதம் 6,000 பேர் தேடி, மற்ற பத்து மாதமும் யாரும் தேடாவிட்டாலும் "1,000" என்றுதான் வரும். மாம்பழம் போன்ற பருவப் பொருளுக்கு அந்தச் சராசரியால் பயனில்லை. கூகுள் டிரெண்ட்ஸில் ஐந்து வருஷத்துக்கு வைத்துப் பாருங்கள், வாரவாரியாகக் கோடு வரும். கோடு எந்த வாரத்தில் ஏறத் தொடங்குகிறதோ அதற்கு இரண்டு மூன்று மாதம் முன்னால் பக்கம் ஏறியிருக்க வேண்டும். டிரெண்ட்ஸ் காட்டும் 0–100 என்பது தேடல் எண்ணிக்கை இல்லை, அந்தக் காலத்தின் உச்சத்தை 100 ஆக வைத்த ஒப்பீடு. சின்னச் சொற்களுக்கு 0 என்று வந்தால் யாரும் தேடவில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

பிளானரில் கோடு வந்தாலும் அப்படித்தான். "மாங்கன்று நர்சரி கிருஷ்ணகிரி" என்று மாதம் எட்டுப் பேர் தேடினாலும் அந்த எட்டுப் பேரும் வண்டி எடுத்துக்கொண்டு வந்து நூறு, இருநூறு கன்று ஏற்றிப் போகிறவர்கள். உங்களுக்கு வேண்டிய சொல் அதுதான்.

#3 ஓசூர்_வலை

தகடூர் சொன்னதோட ஒத்துப்போறேன், ஆனா அடுத்த படி இன்னும் முக்கியம். எந்தச் சொல்லா இருந்தாலும் அதை கூகுள்ல போட்டு வர்ற முதல் பத்து முடிவையும் திறந்து படிச்ச பிறகுதான் பட்டியல்ல சேர்க்கணும். சொல்லைத் தேர்ந்தெடுக்கிற வேலையில முக்கால்வாசி அங்கதான் நடக்குது.

உட்கார்ந்த இடத்துல இருந்து தேடினா உங்க ஊருக்கான முடிவுதான் வரும். வேற ஊர்ல என்ன வருதுன்னு பார்க்க குரோம்ல மறைநிலைச் சாளரம் திறந்து, டெவலப்பர் கருவிகள்ல சென்சார்ஸ் பகுதிக்குப் போங்க. அட்சரேகை, தீர்க்கரேகை கொடுக்க இடம் இருக்கும். கிருஷ்ணகிரிக்கு 12.52, 78.21. தருமபுரிக்கு 12.12, 78.16. ஓசூருக்கு 12.74, 77.83. பெங்களூருக்கு 12.97, 77.59. கொடுத்துட்டு முடிவுப் பக்கத்தோட அடியில இருக்கிற இடத்தைப் புதுப்பிக்கும் இணைப்பை அழுத்தணும், அதை விட்டுட்டா பழைய இடத்து முடிவே வரும்.

இப்ப "மாம்பழம்" போட்டுப் பாருங்க. விக்கிப்பீடியா, உடம்புக்கு என்ன நன்மைங்கிற கட்டுரைகள், படங்கள். வாங்க வர்றவன் அந்தப் பக்கத்துல இல்ல. "5 கிலோ மாம்பழம் பெட்டி பெங்களூர் டெலிவரி" மாதிரி ஆங்கிலத்துல போட்டா விற்பனைப் பக்கங்களா வரும். கூகுள் அந்தச் சொல்லுக்கு எந்த மாதிரிப் பக்கத்தைக் காட்டுதோ அந்த மாதிரிப் பக்கத்தைத்தான் நீங்களும் போட முடியும். கட்டுரை வர்ற இடத்துல விலைப்பட்டியலை வச்சாலும், விலைப்பட்டியல் வர்ற இடத்துல கட்டுரையை வச்சாலும் நிக்காது.

நம்ம இரண்டு மாவட்டத்துக்கும் தனியா ஒரு சிக்கல் இருக்கு, ஊர்ப் பெயர். "போச்சம்பள்ளி"க்கு ஆங்கிலத்துல வர்ற பெரிய எண்ணை நம்பிடாதீங்க, அது தெலங்கானாவுல இக்கத் சேலை நெய்யுற போச்சம்பள்ளிக்கு. "தர்மபுரி கோயில்"னு ஆங்கிலத்துல தேடினா கோதாவரிக் கரையில, ஜகத்தியால் மாவட்டத்து தர்மபுரியில இருக்கிற நரசிம்மர் கோயில் கலந்து வரும். "கிருஷ்ணகிரி ஸ்டேடியம்" வயநாட்டுக்குப் போயிடும். அதனால இந்த ஊர்ப் பெயர்களைத் தனியா வச்சு எண் பார்க்கிறது வீண். "போச்சம்பள்ளி மாங்கன்று", "கிருஷ்ணகிரி மாம்பழம்"னு பொருளோட சேர்த்துதான் பார்க்கணும். பக்கத்துலயும் மாவட்டப் பெயர், வட்டம், பின்கோடு, பக்கத்து ஊர் எல்லாம் எழுத்தா இருக்கணும்.

#4 சந்தூர்_ஒட்டு

ஊர்ப் பெயர்க் குழப்பத்தை யோசிக்கவே இல்லை, நன்றி. ஒரு சந்தேகம்: "மாங்கன்று விலை", "ஒட்டு மாங்கன்று விலை", "மாஞ்செடி விலை", "மாமரக் கன்று விலை" என்று ஒரே விஷயத்துக்குப் பல சொல். ஒவ்வொன்றுக்கும் பக்கம் வேண்டுமா?

#5 ஓசூர்_வலை

வேண்டாம். இரண்டு சொல்லையும் தனித்தனியா தேடி, முதல் பத்து முடிவுல எத்தனை பக்கம் பொதுவா வருதுன்னு எண்ணுங்க. நாலு, அதுக்கு மேல பொதுவா இருந்தா ஒரே பக்கம் போதும். ஒண்ணு ரெண்டுதான் பொதுன்னா கூகுள் அதை வேற தேவையா பார்க்குது, தனிப் பக்கம் யோசிக்கலாம். நீங்க சொன்ன நாலும் அனேகமா ஒண்ணாத்தான் விழும். "ஏக்கருக்கு எத்தனை மாங்கன்று" வேற கூட்டம்.

#6 தென்பெண்ணை

எழுத்து விஷயத்தை நான் எடுத்துக்கொள்கிறேன், தமிழ்த் தளங்கள் அதிகம் அடிபடுவது அங்கேதான்.

தருமபுரி என்றும் தர்மபுரி என்றும் எழுதுகிறார்கள். அரசு ஆவணத்தில் தருமபுரி, தேடுபவர் விரலில் பெரும்பாலும் தர்மபுரி. ஒகேனக்கல், ஒக்கேனக்கல், ஹொகேனக்கல். ஓசூர், ஒசூர், ஹோசூர். இதற்கெல்லாம் தனித்தனிப் பக்கம் போட வேண்டியதில்லை. தலைப்பில் ஒரு வடிவம், உள்ளே முகவரி, கேள்வி, பட விளக்கம் போன்ற இயல்பான இடங்களில் இன்னொரு வடிவம். எந்த வடிவத்தைத் தலைப்பில் வைப்பது என்று டிரெண்ட்ஸில் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள், ஒரே நேரத்தில் ஐந்து சொல் வரை போடலாம். ஆனால் "தேடல் சொல்" என்பதையே தேர்ந்தெடுங்கள். "தலைப்பு" என்று வருவதைத் தேர்ந்தால் எல்லா எழுத்து வடிவங்களையும் மொழிகளையும் ஒன்றாகக் கூட்டிவிடும், ஒப்பீடு போச்சு.

ஒற்றெழுத்தும் அப்படித்தான். "மாம்பழக் கூழ்" என்று ஒற்றுப் போட்டு எழுதுவது சரி. தேடுபவர் "மாம்பழ கூழ்" என்றுதான் அடிப்பார். பட்டியலில் இரண்டையும் ஒரே வரிசையில் வையுங்கள், பக்கத்தில் சரியாக எழுதுங்கள். வேண்டுமென்றே பிழையாகத் தலைப்பு வைத்தால் படிக்கிறவருக்கு நம்பிக்கை போய்விடும்.

அடுத்தது யாரும் கவனிக்காத ஒன்று. பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் அடித்த விலைப்பட்டியலை அப்படியே தளத்தில் ஒட்டினால் கூகுளுக்கு அது அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியல். யூனிகோடுக்கு மாற்றியே ஆகணும். மாற்றிய பிறகும் "ஔ" குறியைப் பாருங்கள்: கொம்போடு "ள" எழுத்தைத் தனியாகச் சேர்த்து அடித்தால் கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும், கணினிக்கு அது வேறு சொல். "பௌர்ணமி", "கௌதம்" மாதிரிச் சொற்களில் இது நடக்கும். கடைப் பெயரில் வரும் "ஸ்ரீ"யும் இரண்டு விதமாக அடிக்கப்படுகிறது: ஸகரத்தில் தொடங்கி ஒன்று, ஶகரத்தில் தொடங்கி ஒன்று. தளம், வணிக விவரம், முகநூல் மூன்றிலும் ஒரே விதமாக வையுங்கள்.

பேனர் படத்துக்குள் "ஒட்டு மாங்கன்று கிடைக்கும்" என்று அழகாக எழுதிவிட்டுப் பக்கத்தில் அந்தச் சொல்லே எழுத்தாக இல்லாமல் விடுவதும் சகஜம். படத்தில் இருப்பதைக் கூகுள் படித்துவிடும் என்று நம்பி உட்காராதீர்கள்.

யூஆர்எல் தமிழில் இருக்கலாமா என்றால், தரவரிசைக்குத் தடையில்லை. ஆனால் வாட்ஸ்அப்பில் நகலெடுத்து அனுப்பும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 9 எழுத்தாக விரியும். "தர்மபுரி" என்ற ஒரு சொல்லே 72 எழுத்து. விவசாயக் குழுக்களில் இணைப்பைப் பகிர்ந்துதான் ஆள் வருவார்கள் என்றால், யூஆர்எல்லை ஆங்கில எழுத்தில் சுருக்கமாக வைப்பதே நல்லது.

#7 பாலக்கோடு_பாரி

தென்பெண்ணை அக்கா சொன்ன எழுத்துப் பிழை எல்லாம் சரி. ஆனா தமிழ்ப் பக்கம்தான் முதல்லங்கிற முடிவுக்கு வந்துட வேண்டாம். கன்று வாங்க வர்ற ஆளுங்கள்ல பாதிப் பேர் தமிழை ஆங்கில எழுத்துல அடிப்பாங்க: "மா கன்று விலை", "மேங்கோ பிளான்ட் ரேட்", "கிருஷ்ணகிரி மேங்கோ நர்சரி". அதுக்கு வர்ற முடிவைப் பாருங்க. முழுக்க யூடியூப்பும் ஆங்கில டைரக்டரிப் பக்கங்களும்தான். தமிழ்ப் பக்கம் மட்டும் வச்சிருந்தா அந்தக் கூட்டம் முழுக்கக் கை நழுவிடும்.

#8 தென்பெண்ணை

பாரி, அந்தத் தேவையை நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்காகத் தமிழை ஆங்கில எழுத்தில் பெயர்த்து ஒரு முழுப் பக்கம் எழுதக் கூடாது, அதை யாரும் இரண்டு வரிக்கு மேல் படிக்க மாட்டார்கள். ஒழுங்கான ஆங்கிலப் பக்கம் ஒன்று, ஒழுங்கான தமிழ்ப் பக்கம் ஒன்று, இரண்டுக்கும் ஹெச்ரெஃப்லாங் குறி (இந்தப் பக்கம் இன்ன மொழியிலும் இருக்கிறது என்று கூகுளுக்குச் சொல்வது). தமிழ்ப் பக்கம் ஆங்கிலத்தைச் சுட்டினால் ஆங்கிலப் பக்கமும் திரும்பத் தமிழைச் சுட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சுட்டினால் அந்தக் குறி எடுபடாது. பக்கத்தின் மொழி எது என்பதைக் கண்ணுக்குத் தெரியும் எழுத்தை வைத்துத்தான் கூகுள் முடிவு செய்கிறது. ஆகவே ஒரு பத்தி தமிழ், ஒரு பத்தி ஆங்கிலம் என்று ஒரே பக்கத்தில் கலக்க வேண்டாம்.

ஆங்கில எழுத்துத் தேடலுக்கு எது வழி என்றால் வீடியோ. அந்த முடிவில் யூடியூப் நிறைந்திருக்கிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். வீடியோத் தலைப்பில் அந்தச் சொற்களை இயல்பாக வைத்து, விளக்கத்தில் தளத்துக்கு இணைப்புக் கொடுப்பது பலன் தரும்.

#9 பாலக்கோடு_பாரி

வீடியோ யோசனையை ஏத்துக்கறேன். ஆனா இருபது பக்கத்துல ஆங்கிலத்துக்குப் பாதி ஒதுக்கணும்னு இன்னும் சொல்வேன், முக்கியமா பெட்டி மாம்பழத்துக்கு. பெங்களூர்ல இருக்கிற வாடிக்கையாளர் தமிழ்ல தேட மாட்டார்.

#10 தென்பெண்ணை

பழத்துக்கு ஆங்கிலம், சரி. கன்றுக்கும் புளிக்கும் தமிழ் முன்னால்.

#11 சந்தூர்_ஒட்டு

அப்படியே பிரித்துக்கொள்கிறோம். ஊருக்கு ஒரு பக்கம் பற்றி யாரும் சொல்லவில்லையே? ஊத்தங்கரை, பர்கூர், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, காரிமங்கலம் என்று பத்துப் பன்னிரண்டு பக்கம் சீக்கிரம் போட்டுவிடலாம், ஊர்ப் பெயரை மட்டும் மாற்றினால் போதும்.

#12 தகடூர்_தேடல்

அதைச் செய்யாதீர்கள். ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி ஒரே உள்ளடக்கத்தைப் பல பக்கமாகப் போடுவதைக் கூகுளின் ஸ்பேம் கொள்கை "டோர்வே" என்றே பெயர் சொல்லித் தடுக்கிறது. 2024 மார்ச்சில் மொத்தமாகப் பக்கங்களை உற்பத்தி செய்து குவிப்பதற்கு எதிராகவும் தனி விதி சேர்த்தார்கள். எந்திரம் எழுதினாலும் ஆள் எழுதினாலும் விதி ஒன்றுதான். பாதிப்பு அந்தப் பன்னிரண்டு பக்கத்தோடு நிற்காது, நல்ல பக்கங்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

ஒரு ஊருக்குத் தனிப் பக்கம் வேண்டும் என்றால் அந்த ஊருக்கு மட்டுமே பொருந்தும் செய்தி இருக்க வேண்டும். அரூர்ப் பக்கத்துக்கு வண்டி வாடகை எவ்வளவு, எந்தக் கிழமை கன்று இறக்குகிறீர்கள், அங்குள்ள மண்ணுக்கும் தண்ணீருக்கும் எந்த ரகம் நிற்கிறது. இவ்வளவும் எழுத முடிந்தால் போடுங்கள். முடியாவிட்டால் "கன்று அனுப்பும் ஊர்களும் வாடகையும்" என்று ஒரே பக்கம், ஒரே அட்டவணை.

"அருகில் உள்ள நர்சரி" என்ற வகைத் தேடலுக்குப் பக்கத்தில் "அருகில்" என்று எழுதிப் பயனில்லை. அங்கே மேலே வருவது வரைபடத் தொகுப்பு. கூகுள் பிசினஸ் புரொஃபைலில் (வரைபடத்தில் தெரியும் கடை விவரம்) பொருத்தம், தூரம், பெயர் பரவியிருப்பது ஆகிய மூன்றையும் வைத்து வரிசை அமைகிறது. தூரத்தை உங்களால் மாற்ற முடியாது. முதன்மை வகையை "நர்சரி" என்று சரியாக வைப்பது, படங்கள், விமர்சனங்களுக்குப் பதில், வேலை நேரம் இவையெல்லாம் கையில் இருப்பவை. கடைப் பெயரோடு "கிருஷ்ணகிரி பெஸ்ட் மேங்கோ நர்சரி" என்று சொல்லைச் சேர்த்து நீட்டுவது விதிமீறல், விவரமே முடக்கப்படலாம்.

அந்தப் புரொஃபைலின் செயல்திறன் பகுதியில் எந்தச் சொல்லால் ஆட்கள் கண்டார்கள் என்ற பட்டியல் மாதவாரியாக வரும். சிறிய எண்ணிக்கைகள் "15க்குக் குறைவு" என்று இருக்கும். பிளானர் கோடு போட்ட சொற்கள் பல இங்கே உயிரோடு தெரியும். கீவேர்டுக்கு இதைவிட நெருக்கமான இலவச ஆதாரம் ஒரு உள்ளூர்க் கடைக்குக் கிடையாது.

#13 அரூர்_குறிப்பேடு

புளியைப் பற்றி யாரும் பேசல. கருவியில "புளி"ன்னு போட்டா சமையல் குறிப்பும் புளியோதரையும்தான் கொட்டும். வியாபாரச் சொல் வேற: "கொட்டை எடுத்த புளி", "கொட்டைப்புளி", "தோசைப்புளி", "புதுப் புளி", "பழைய புளி". இதெல்லாம் மண்டியில பேசுற சொல்லு, கருவி தானா சொல்லாது. போனில் கேட்கிறவர் முதல் வாக்கியத்தில் என்ன சொல்றார்னு கடையில ஃபோன் எடுக்கிறவரை ஒரு நோட்டுல எழுதச் சொல்லுங்க. "கல் வைக்காத மாம்பழம்"னு கேட்பாங்க, ஆங்கிலத்துல தேடுறவங்க "கார்பைடு ஃப்ரீ" என்பாங்க. இரண்டும் ஒரே பக்கத்துக்கு வரணும். அந்தப் பக்கத்துல வெறுமனே "இயற்கை"ன்னு எழுதினா போதாது. கால்சியம் கார்பைடு வைத்துப் பழுக்க வைப்பதை உணவுப் பாதுகாப்பு விதி தடை செய்திருக்கு, எத்திலீன் வாயுவை 100 பிபிஎம் வரை அனுமதிக்குது. நீங்க எந்த முறையில பழுக்க வைக்கிறீங்க, எத்தனை நாள் ஆகும், வீட்டுக்கு வந்த பிறகு எப்படி வைக்கணும்னு எழுதினாத்தான் தேடி வந்தவர் தங்குவார்.

"இன்றைய புளி விலை", "இன்றைய மாம்பழ விலை" இரண்டும் ஆசை காட்டுற சொல். ஒவ்வொரு நாளும் காலையில விலை மாத்த ஆள் இருந்தா மட்டும் தொடுங்க. அக்மார்க்நெட் (அரசின் சந்தை விலைத் தளம்), செய்தித் தளங்கள் தினமும் புதுப்பிக்கிற இடம் அது. பழைய தேதியோட நிக்கிற விலைப் பக்கம் வந்தவரைக் கோபப்படுத்தித்தான் அனுப்பும். ஒகேனக்கல் நீர்வரத்துக்கும் இதே கதைதான், அது செய்திக்காரங்க ஆடுகளம். பரிசல் சவாரி போறவங்களுக்குப் பெட்டி மாம்பழம் விக்கலாம்னு அந்தச் சொல்லைப் பிடிக்காதீங்க.

நர்சரிக்காரங்க கூழ் ஆலைக்கும் பழம் கொடுப்பாங்கன்னா இன்னொரு வகையும் உண்டு. ஏற்றுமதிக்குக் கூழ் வாங்குறவர் "மாம்பழக் கூழ்"னு தேட மாட்டார். ஆங்கிலத்துல "தோத்தாபுரி பல்ப் 14 பிரிக்ஸ்", "கான்சன்ட்ரேட் 28 பிரிக்ஸ்", "அசெப்டிக் டிரம்", "3.1 கிலோ டின்"னு தேடுவார் (பல்ப்னா கூழ், கான்சன்ட்ரேட்னா அடர்கூழ், பிரிக்ஸ்னா சர்க்கரை அளவு, அசெப்டிக்னா கிருமி நீக்கி அடைச்சது). சொல் முழுக்கத் தரவுத்தாள்ல இருக்கு. இந்தியாமார்ட் மாதிரித் தளங்கள் மேலே நிக்கிற இடம்தான், ஆனா தரவுத்தாளை அப்படியே எழுத்தா ஒரு பக்கத்துல வச்சா நீளமான தேடலுக்கு இடம் கிடைக்கும். பிடிஎஃப்ல மட்டும் பூட்டி வைக்காதீங்க.

#14 பாலக்கோடு_பாரி

காசு கொடுத்து எச்ரெஃப்ஸ், செம்ரஷ் மாதிரி கீவேர்டு கருவி வாங்கணுமா? அதில வர்ற கேடி எண் (ஒரு சொல்லுக்கு மேலே வர்றது எவ்வளவு கஷ்டம்னு காட்டுறது) உதவும்னு நினைக்கிறேன்.

#15 ஓசூர்_வலை

இந்த அளவுக்கு வேண்டாம். கேடி கூகுள் கொடுக்கிற எண் இல்ல, அந்தந்தக் கருவி தானே போடுற மதிப்பீடு. முதல் பத்துப் பக்கத்துக்கு எத்தனை தளத்துல இருந்து பின்னிணைப்பு வருதுங்கிறதுதான் அதுல பெரும்பங்கு. ஒரே சொல்லுக்கு இரண்டு கருவி இரண்டு எண் கொடுக்கும். தமிழ்ச் சொல்லுக்கு அவங்க தரவு ரொம்ப மெல்லிசு, பெரும்பாலும் 0 தான். சொந்தத் தளத்துக்கு எச்ரெஃப்ஸ் வெப்மாஸ்டர் டூல்ஸ் இலவசம், பிங் வெப்மாஸ்டர் டூல்ஸ்லயும் இலவசமா கீவேர்டு தேடல் இருக்கு. அதோட தானாக நிரப்பும் பரிந்துரை: "மாங்கன்று" அடிச்சு ஒரு இடைவெளி விட்டு க, ச, த, ந, ப, ம, வ என்று ஒவ்வொரு எழுத்தா போட்டுப் பாருங்க. பிறகு சுட்டியைச் சொல்லுக்கு முன்னால கொண்டு போய் அதே மாதிரி. "மக்கள் கேட்பவை" பெட்டியில ஒரு கேள்வியைத் திறந்தா கீழே புதுசா கேள்வி வரும், அதையும் எடுத்துக்கங்க. இது போதும்.

#16 தகடூர்_தேடல்

ஓசூர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பட்டியலை ஒரு விரிதாளில் வையுங்கள். பத்திகள்: முதன்மைச் சொல், மற்ற எழுத்து வடிவங்கள், தேடுபவர் என்ன செய்ய வருகிறார், முதல் பத்தில் யார் இருக்கிறார்கள், அவர்கள் சொல்லாமல் விட்டது என்ன, நம் எந்தப் பக்கம், எந்த மாதம் ஏற்ற வேண்டும். "சொல்லாமல் விட்டது" என்ற பத்தி காலியாக இருந்தால் அந்தச் சொல்லை எடுக்காதீர்கள். இருக்கிறதையே திரும்பச் சொல்லும் பதினோராவது பக்கத்துக்குக் கூகுளில் இடமில்லை.

உதாரணத்துக்கு "ஒரு ஏக்கருக்கு எத்தனை மாங்கன்று". பல பக்கங்கள் ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு நிறுத்திவிடும். நீங்கள் இடைவெளிவாரியாகக் கொடுங்கள்: 10 மீட்டருக்கு 10 மீட்டர் என்றால் ஏக்கருக்கு 40, 5க்கு 5 என்றால் 160, 3க்கு 2 என்றால் 674. அதோடு பெங்களூரா ரகத்துக்கு எந்த இடைவெளி, அடர்நடவில் கவாத்து எப்போது, மொத்தக் கன்றுக்கு என்ன செலவு, வழியில் காய்ந்துபோகும் கன்றுக்கு மாற்று உண்டா. கேட்க வந்தவர் வாங்குபவராக மாறுவது இந்தப் பக்கத்தில்தான்.

2024 ஆகஸ்டில் இந்தியாவுக்கு ஏஐ ஓவர்வியூ (முடிவுகளுக்கு மேலே கூகுளின் ஏஐ எழுதிக் காட்டும் சுருக்கம்) வந்த பிறகு "மாங்கன்று என்றால் என்ன", "மாம்பழ வகைகள்" போன்ற சொற்களில் விடை முடிவுப் பக்கத்திலேயே கிடைத்துவிடுகிறது. உங்களுடைய சொந்த விலை, இருப்பு, அனுப்பும் ஊர் இவற்றைத் தொடும் சொற்களுக்கு இன்னும் ஆள் தளத்துக்கு வந்துதான் ஆக வேண்டும்.

#17 சந்தூர்_ஒட்டு

முதல் சுற்றுக்கு வைத்திருப்பது இதுதான். தமிழில்: ஒட்டு மாங்கன்று விலை (ரகவாரி அட்டவணையோடு), ஏக்கருக்கு எத்தனை கன்று, பெங்களூராவா அல்போன்சாவா எந்த ரகம் நடுவது, கன்று அனுப்பும் ஊர்களும் வாடகையும், கொட்டை எடுத்த புளி மொத்த விலை, புதுப் புளி பழைய புளி வேறுபாடு. ஆங்கிலத்தில்: 5 கிலோ பெட்டி பெங்களூர், சென்னை, கார்பைடு இல்லாத பழம், இமாம் பசந்த், மல்கோவா முன்பதிவு, நர்சரிப் பக்கம். மெட்டா கீவேர்டு குறியில் (பக்கத்தின் நிரலில் கண்ணுக்குத் தெரியாமல் சொற்களைப் பட்டியலிடும் இடம்) எல்லாச் சொல்லையும் கொடுத்துவிடுகிறோம். ஏற்றிய பிறகு என்ன பார்ப்பது?

#18 தகடூர்_தேடல்

பட்டியல் நன்றாக இருக்கிறது. மெட்டா கீவேர்டு குறியை விட்டுவிடுங்கள், தரவரிசைக்கு அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009 செப்டம்பரிலேயே அறிவித்துவிட்டது. சென்னைக்கும் பெங்களூருக்கும் பெட்டியின் விலை, அனுப்பும் நாள் வேறு என்றால் மட்டும் இரண்டு பக்கம். இல்லாவிட்டால் ஒன்று.

ஏற்றிய ஆறு வாரத்தில் சர்ச் கன்சோலை (உங்கள் தளம் தேடலில் எப்படி வருகிறது என்று காட்டும் கூகுளின் இலவசக் கருவி) திறந்து பாருங்கள். முடிவுகள் அறிக்கையில் ஒரு பக்கத்தை வடிகட்டி, சராசரி இடம் 8 முதல் 20 வரை உள்ள சொற்களை எடுங்கள். பார்வை இருக்கிறது, கிளிக் இல்லை என்றால் தலைப்பைத் திருத்துங்கள், சொல் முன்னால் வரட்டும். தமிழ் எழுத்து அகலமானது, ஆங்கிலத் தலைப்பை விடச் சீக்கிரம் வெட்டுப்படும். "ஸ்ரீ இன்னார் நர்சரி மற்றும் பண்ணை" என்று பெயரில் தொடங்கினால் "மாங்கன்று விலை" கண்ணில் படாது.

கேள்வி வகைச் சொற்களைப் பிரிக்க, வடிகட்டியில் ரெஜெக்ஸ் (பல சொல்லை ஒரே வடிவத்தில் தேடும் முறை) தேர்ந்து விலை|ரேட்|எவ்வளவு|எத்தனை|எங்கே என்று கொடுங்கள். அட்டவணை 1,000 வரிசைதான் காட்டும், மிகச் சிலரே தேடிய சொற்களைத் தனியுரிமைக்காக மறைத்துவிடும், அதனால் சொற்களின் கூட்டுத்தொகை மொத்தத்தோடு ஒத்துப்போகாது. தரவு 16 மாதம் மட்டுமே இருக்கும். மாம்பழத்துக்குப் போன பருவத்தோடு ஒப்பிட வேண்டுமே, ஆகவே ஒவ்வொரு பருவமும் முடிந்ததும் ஏற்றுமதி செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

#19 ஓசூர்_வலை

ஒரு சொல்லை வடிகட்டி "பக்கங்கள்" தாவலுக்குப் போங்க. "ஒட்டு மாங்கன்று விலை"க்கு விலைப் பக்கமும் ரகப் பக்கமும் மாறி மாறி வந்தா இரண்டும் ஒண்ணை ஒண்ணு தின்னுது. ரகப் பக்கத்துல இருக்கிற விலையை எடுத்துட்டு, "விலைக்கு இங்கே" என்று இல்லாம "ஒட்டு மாங்கன்று விலை" என்ற சொல்லாலேயே விலைப் பக்கத்துக்கு இணைப்புக் கொடுங்க. அதுக்கும் அடங்கலைன்னா இரண்டையும் ஒரே பக்கமாக்கி, பழைய முகவரியை 301 (புது முகவரிக்கு நிரந்தரமா அனுப்புற குறியீடு) போட்டுத் திருப்புங்க.

#20 அரூர்_குறிப்பேடு

புளிப் பக்கத்தை டிசம்பருக்குள்ள ஏத்திடுங்க. அறுவடை தொடங்கி புதுப் புளி மண்டிக்கு வர்றப்போ பக்கம் கூகுள்ல உட்கார்ந்திருக்கணும். பெட்டி மாம்பழப் பக்கத்தைப் பருவம் முடிஞ்சதும் அழிச்சுடாதீங்க. அதே முகவரியில "இந்த வருஷம் முடிந்தது, அடுத்த முன்பதிவுக்கு எண் கொடுங்கள்"னு ஒரு படிவம் வச்சு விடுங்க. வருஷா வருஷம் புது முகவரி போட்டா ஒவ்வொரு மே மாசமும் முதல்ல இருந்து தொடங்கணும்.